சேலத்துக் கல்லும் சீமைப் பத்திரிகையும்

நாமக்கல்லுக்கு மேற்கே, திருச்செங்கோட்டுக்கும் காவேரிக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் சித்தம்பூண்டி என்றொரு கிராமம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காடுகளில், உழவனுடைய கொழுவுக்கு இடைஞ்சலாய்த் தலைநீட்டும் வெளிறிய கல் ஒன்று உண்டு. வரப்புக்கு அணை கொடுக்கவும் கிணற்றுக்குச் சுவரெடுக்கவும் உதவுவதன்றி அதனால் வேறு பயன் உண்டென்று அவ்வூரார் நெடுங்காலம் எண்ணியதில்லை. அந்தக் கல்லின் பெயர் அனார்த்தொசைட். சந்திரனின் வெளிறிய மேட்டு நிலங்கள் ஏறக்குறைய முழுவதும் இதே இனத்துக் கல்லால் ஆனவை. ஆதலால் நமது விண்வெளி ஸ்தாபனத்தார் சித்தம்பூண்டியிலும் பக்கத்திலுள்ள குன்னமலையிலும் இக்கல்லை எடுத்து, இடித்துப் பொடியாக்கி, சந்திர மண்ணுக்கு நிகரான மண்ணைத் தயாரித்தார்கள். அதைப் பெங்களூரிலுள்ள பரீட்சைக் கூடத்தில் பரப்பி, சந்திரயான் இறங்கு கலத்தின் கால்களையும் ஊர்தியின் சக்கரங்களையும் சோதித்தார்கள். அம்மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020-ம் வருஷம் பேடண்டும் கிடைத்தது. சேலம் பெரியார் சர்வகலாசாலையின் பூகர்ப்ப சாஸ்திரப் பகுதியும், திருச்சி தேசியத் தொழில் நுட்பக் கழகமும், பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் இவ்வேலையில் பங்கு கொண்டன.

இச்செய்தியைத் தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் பெருமிதத்துடன் வெளியிட்டன. வெளியிடவேண்டியதே. ஆயினும், செய்தியைப் படித்துத் தோளைத் தட்டிக்கொண்ட நம்மில் எவரேனும் அடுத்த கேள்வியைக் கேட்டதுண்டா? அந்த மண்ணின் குணங்களை நுணுக்கமாய் விவரிக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எங்கே அச்சாயின? ஒன்று 'பிளானடரி அண்டு ஸ்பேஸ் ஸயன்ஸ்' என்ற பத்திரிகையில். மற்றொன்று 'இகாரஸ்' என்ற பத்திரிகையில். இரண்டையும் வெளியிடுவது ஆம்ஸ்டர்டாம் நகரத்து எல்ஸெவியர் கம்பெனி. கல் நாமக்கல்லுடையது, இடித்தவர்கள் தமிழர்கள், பணம் இந்தியக் குடிகளின் வரிப்பணம், எழுதியவர்களும் நம்மவர்களே. அச்சும் உரிமையும் விற்பனையும் மட்டும் ஹாலந்து தேசத்தாருடையவை.

இதை ஒரு தனிச் சம்பவமென்று தள்ளிவிட முடியாது. சேலம் சீமைக் கல்லுக்கும் அயல்நாட்டுக் காகிதத்துக்கும் இடையே இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட சம்பந்தம் உண்டு. அதில் எது மாறிற்று, எது மாறவில்லை என்பதை வாசகர்கள் முன் வைப்பதே நமது நோக்கம்.

குருந்தம் போன வழி

மாணிக்கமும் நீலமும் எந்தத் தாதுவின் வகைகளோ அந்தத் தாதுவை உலக முழுவதும் 'கொரண்டம்' என்கிறார்கள். அது நமது 'குருந்தம்' என்ற சொல்லே என்பதை ஆங்கில அகராதிகள் ஒப்புக்கொள்கின்றன. நம் நாட்டு ரத்தினத் தொழிலாளர் சாணை பிடிக்கக் கையாண்ட இக்கல்லைப் பற்றி 1798-ம் வருஷத்தில் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொஸைட்டியின் 'பிலசாபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ்' பத்திரிகையில் ஒரு வியாசம் எழுதினார். 1802-ல் அதே பத்திரிகையில் பூர்னோன் பிரபு இன்னும் விரிவாக எழுதினார். அவர் பிரெஞ்சுப் புரட்சியினால் தாய்நாட்டை விட்டு லண்டனில் குடியேறியவர். கர்நாடகப் பிரதேசத்திலிருந்து சென்ற குருந்தம் எந்த வெண்கல்லினுள் பதிந்திருந்ததோ அந்தக் கல்லையும் அவர் விவரித்தார். அதிலுள்ள தாது பின்னர் 'இந்தியனைட்' என்ற பெயரால் வழங்கிற்று. இப்போது அதை அனார்த்தைட் என்கிறார்கள். சித்தம்பூண்டிக் கல்லின் உடலே இந்தத் தாதுதான். ஆகவே சந்திரனுக்குப் பிரதிநிதியாய் நின்ற கல்லின் இனம், அமெரிக்கர் சந்திரனை மிதிப்பதற்கு 167 வருஷங்களுக்கு முன்பே லண்டனில் அச்சேறிவிட்டது. ஒரு பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயர் பத்திரிகையில் தமிழ்நாட்டுக் கல்லைப் பற்றி எழுதினார். சர்வதேச ஒத்துழைப்பு என்றால் இதுவும் சர்வதேச ஒத்துழைப்புதான். தமிழனுக்கு அதிலிருந்த பங்கு ஒரு பெயர்ச்சொல்.

இதைவிட விசித்திரமான கதையும் உண்டு. லெஷனோ தெ லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டிலும் இலங்கையிலும் சுற்றிச் செடிகளோடு கற்களையும் சேகரித்துப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். சேலத்துக் கற்களும் அவற்றில் இருந்தன. அவை அங்கே பெட்டியில் பல்லாண்டு கிடந்தன. 1889-ல் லாக்ருவா என்ற நிபுணர் அவற்றைத் தேய்த்து மெலிதாக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பிரெஞ்சு பாஷையில் ஒரு நீண்ட வியாசம் எழுதினார். 1891-ல் மாலெட் என்பவர் அதை இங்கிலீஷில் மொழிபெயர்க்க, கல்கத்தாவில் இந்திய பூகர்ப்ப இலாகாவின் 'ரிக்கார்ட்ஸ்' சஞ்சிகையில் அது வெளியாயிற்று. சேலத்துக் கல்லின் உள்ளமைப்பு இன்னதென்ற சேதி இவ்விதம் பாரிஸையும் கல்கத்தாவையும் சுற்றிக்கொண்டு, இரண்டு அயல் பாஷைகளைக் கடந்து வந்தது. சேலம் வரையில் அது இன்னும் வந்து சேரவில்லை என்றே சொல்லவேண்டும்.

இலாகாவும் அதன் அதிகாரிகளும்

இந்திய பூகர்ப்ப இலாகா 1851-ல் ஏற்பட்டது. வில்லியம் கிங், புரூஸ் ஃபுட் ஆகிய இருவரும் திருச்சி, சேலம், தென் ஆற்காடு ஜில்லாக்களின் பாறைகளைப் பற்றி எழுதிய பெரிய அறிக்கை 1864-ல் வெளியாயிற்று. கஞ்சமலை இரும்பையும் சேலத்து இரும்புத் தொழிலையும் பற்றி ஹாலண்ட் 1892-ல் எழுதினார். சேலம் நகரத்தின் அருகே வெள்ளைக்கல் வெட்டும் குன்றுகளைப் பற்றி மிடில்மிஸ் 1896-ல் எழுதினார். எல்லாம் கல்கத்தாவில் அச்சானவை. அவர்களுடைய உழைப்பை நாம் குறைத்துப் பேசப்போவதில்லை. ரயிலும் ரஸ்தாவும் அருகியிருந்த நாளில் குதிரையிலும் கால்நடையிலும் மலை மலையாய் ஏறி இறங்கியவர்கள் அவர்கள். இன்றைக்கும் சேலத்துப் பாறைகளை ஆராயப் புகுவோர் முதலில் புரட்டுவது அந்தப் பழைய ஏடுகளைத்தான்.

ஆனால் அந்த இலாகாவில் இந்தியன் எந்த ஸ்தானத்தில் இருந்தான்? ஸ்ரீ பிரமதநாத் போஸ் லண்டனில் படித்துத் தேறி 1880-ல் இலாகாவில் உத்தியோகம் ஏற்றார். உயர்தர உத்தியோகத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். ஹாலண்ட் சேர்ந்ததோ 1890-ல். 1903-ம் வருஷம் தலைமைப் பதவி காலியானபோது பத்து வருஷம் இளையவரான ஹாலண்டுக்கே அது கொடுக்கப்பட்டது. ஸ்ரீ போஸ் ராஜினாமா செய்து வெளியேறினார். மறு வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு அவர் எழுதிய கடிதத்தில் மயூர்பஞ்ச் சமஸ்தானத்து இரும்பு மலைகளைப் பற்றித் தெரிவித்தார். ஜாம்ஷெட்பூர் உருக்காலை அங்கே எழுந்ததற்கு அக்கடிதமே மூலம். சர்க்கார் வேண்டாமென்று தள்ளிய மூளை தேசத்துக்கு இரும்பைத் தந்தது!

ஹாலண்டின் புலமையில் குறை சொல்ல இடமில்லை. கல்கத்தாவை ஸ்தாபித்த ஜாப் சார்னக்கின் சமாதிக் கல்லைப் பரிசோதித்து, அது சென்னைப் பல்லாவரத்துப் பாறையோடு ஒத்ததென்று கண்டு, அவ்வினத்துக்குச் 'சார்னகைட்' என்று பெயரிட்டவர் அவர். நமது சேர்வராயன் மலையும் அந்தக் கல்தான். பல்லாவரத்தில் பிறந்து சேர்வராயனில் வளர்ந்த பாறைக்கு ஒரு கம்பெனி ஏஜெண்டின் பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது. பெயரிடும் உரிமை எவனிடம் இருக்கிறதோ அவனுடைய சரித்திரமே கல்லிலும் எழுதப்படும் போலும்.

இலாகாவின் தலைமைக்கு ஓர் இந்தியர் வந்தது 1951-ல். அது ஏற்பட்டுச் சரியாய் நூறு வருஷம் ஆன பிறகு! அவர் தஞ்சை ஜில்லாவில் பிறந்த ஸ்ரீ எம். எஸ். கிருஷ்ணன். இந்தியா, பர்மா தேசங்களின் பூகர்ப்பத்தைப் பற்றி அவர் எழுதிய நூலைப் பல தலைமுறை மாணாக்கர்கள் பாடமாய்ப் படித்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின்

இனி வரும் பகுதியில்தான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஏனெனில், அந்நிய ஆட்சியின் மேல் பழி போட்டுத் தப்பிக்க அங்கே இடமில்லை.

இலாகாவைச் சேர்ந்த ஸ்ரீ ஏ. பி. சுப்பிரமணியம் சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதி முழுவதையும் ஆராய்ந்து 1956-ல் 74 பக்கமுள்ள வியாசம் ஒன்றை வெளியிட்டார். இன்று வரையில் சித்தம்பூண்டியைப் பற்றி எழுதுவோர் எவரும் அதைச் சுட்டாமல் எழுதுவதில்லை. அது வெளியானது அமெரிக்க பூகர்ப்ப சங்கத்தின் பத்திரிகையில். மூன்று வருஷம் கழித்துப் பல்லாவரத்துச் சார்னகைட்டைப் பற்றி ஹாலண்டின் கொள்கையை மறுபரிசீலனை செய்தார். அதுவும் அமெரிக்கப் பத்திரிகையில்தான். வெள்ளைக்காரன் சொன்னதே வேதம் என்றிருந்த துறையில் ஓர் இந்தியர் தம் நாட்டுக் கல்லைக் கொண்டே அதைத் திருத்தப் புகுந்தது பெரிய காரியம். உலகத்தார் கேட்கும் மேடையில் நின்று பேசவேண்டுமென்று அவர் விரும்பியிருந்தால் அதில் தவறு காண முடியாது.

1969-ம் வருஷம் அமெரிக்கர் சந்திரனிலிருந்து கொணர்ந்த மண்ணில் சில வெள்ளைத் துணுக்குகள் இருந்தன. அவை அனார்த்தொசைட் என்று 1970 ஜனவரியில் ஜான் வுட் முதலியோர் வெளியிட்டார்கள். உடனே உலகத்துப் பூகர்ப்ப நிபுணர்களின் பார்வை பூமியில் அக்கல் கிடைக்கும் பழைய இடங்களின் மேல் திரும்பிற்று. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரயன் விண்ட்லி அவ்வருஷமே 'நேச்சர்' பத்திரிகையில் பூமியின் ஆதி ஓட்டிலும் சந்திரனிலும் உள்ள அனார்த்தொசைட்டுகளைச் சேர்த்து எழுதினார். பிறகு 1975-ல் செல்வன் என்ற நம்மவரோடு கூடித் தமிழ்நாட்டு அனார்த்தொசைட்டுகளைப் பற்றி ஒரு வியாசம் வரைந்தார். அதே வருஷம் ஜனார்த்தனனும் பிரிட்டிஷ் நிபுணரான லீக்கும் சேர்ந்து சித்தம்பூண்டியைப் பற்றி எழுதினார்கள். இவ்விரண்டு வியாசங்களும் எங்கே வெளியாயின என்று நினைக்கிறீர்கள்? லண்டனிலும் அல்ல, நியூயார்க்கிலும் அல்ல. இரண்டும் 1958-ல் பெங்களூரில் ஏற்பட்ட இந்திய பூகர்ப்ப சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயின. பத்திரிகையை ஸ்ரீ பி. பி. ராதாகிருஷ்ணா அரும்பாடுபட்டு வளர்த்துவந்தார். வெள்ளைக்கார நிபுணர்கள் நமது பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பிய காலமும் ஒன்று இருந்தது என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ளட்டும். ஒத்துழைப்பு என்றால் நாம்தான் அயலான் வாசலில் நிற்கவேண்டும் என்ற விதி இல்லை.

பிறகு காற்று திசை மாறிற்று. 1996-ல் சித்தம்பூண்டிக் கல்லின் வயது சுமார் 293 கோடி வருஷம் என்று பாஸ்கர ராவ், செட்டி, ஜனார்த்தன், கோபாலன் ஆகிய நால்வர் வெளியிட்டார்கள். நால்வரும் இந்தியர். ஆயினும் வியாசம் வெளியானது ஜெர்மானியக் கம்பெனியான ஸ்பிரிங்கரின் பத்திரிகையில். 2013-ல் ஹைதராபாத் நிபுணர்கள் கானடாவின் நியூஃபவுண்ட்லாந்து சர்வகலாசாலையாரோடும் ஸ்ரீ எம். சந்தோஷ் என்ற கேரளத்து அறிஞரோடும் சேர்ந்து அவ்வயதை ஏறக்குறைய 254 கோடி வருஷமாகத் திருத்தினார்கள். சுமார் 40 கோடி வருஷம் ஒரே வீச்சில் குறைந்துவிட்டது! கல்லுக்குள் மணல்மணியினும் சிறிதாய்க் கிடக்கும் ஸிர்க்கான் என்ற தாதுவில் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாய் மாறுகிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும். அந்த ஒற்றை மணியை லேசர் கதிரால் சுரண்டி அளக்கும் கருவியே இத்திருத்தத்துக்குக் காரணம். சேலத்துப் பாறைகளின் வயதை அளந்து 2009-ல் வெளியான வேறொரு வியாசத்தின் முதலாசிரியர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து நிபுணர். கஞ்சமலைக் கல் எத்தனை ஆழத்தில் எத்தனை அழுத்தத்தில் வெந்தது என்பதைப் பற்றி 2012-ல் வெளியான வியாசத்தை முன்னின்று எழுதியவர்களும் ஆஸ்திரேலியரே.

இதற்கெல்லாம் அயல்நாட்டார் தேவையா என்று ஆத்திரப்படுவது எளிது. அந்த ஆத்திரம் நமக்கு உடன்பாடல்ல. கருவி எங்கே இருக்கிறதோ அங்கே கல் போகத்தான் வேண்டும். கானடாவின் கருவியும், ஹைதராபாத்தாரின் நில அனுபவமும், பல தேசத்துப் பாறைகளை ஒப்பிட்டுப் பார்த்த கண்ணும் ஒன்றுகூடியதால்தான் நாற்பது கோடி வருஷப் பிழை தீர்ந்தது. சுதேசி என்ற பெயரால் தவறான வயதைக் கட்டிக்கொண்டு அழுவதில் என்ன லாபம்?

மேலும், இவ்விஷயத்தில் நமது நிலை வேறு சில தேசங்களின் நிலையைப் போல் இழிந்ததும் அல்ல. ஆப்பிரிக்காவைப் பற்றிய பூகர்ப்பக் கட்டுரைகளை 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டுப் பார்த்தது. உயர்ந்த பத்திரிகைகளில் வந்தவற்றுள் சுமார் 100-க்கு 30-ல்தான் ஆப்பிரிக்கர் ஒருவர் பெயராவது இருந்தது. வானிலிருந்து குதித்து, கல்லை அள்ளிக்கொண்டு, திரும்பிப் போய் எழுதும் இந்த வழக்கத்துக்குப் 'பாராசூட் விஞ்ஞானம்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். சேலத்துப் பாறைகளைப் பற்றி நாம் மேலே குறித்த அண்மைக் கால வியாசங்கள் ஒவ்வொன்றிலும் இந்தியப் பெயர் இருக்கிறது. பலவற்றில் அதுவே முதற்பெயர். 'கோண்ட்வானா ரிஸர்ச்' என்ற பத்திரிகையை 1997-ல் ஜப்பானிலிருந்து தொடங்கி உலகப் புகழ் பெறச் செய்தவர்களில் முதன்மையானவரே மேற்சொன்ன ஸ்ரீ சந்தோஷ்தான். மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின் பெயர் கண்டங்களின் சரித்திரத்துக்கே பெயராகி, பத்திரிகைக்கும் பெயராயிற்று. அதன் ஆசிரியரும் இந்தியர். அந்தப் பத்திரிகையும் பிற்பாடு எல்ஸெவியர் கம்பெனியின் வெளியீடாயிற்று.

ஆகப் பெயரைப் பொறுத்தவரை நாம் ஜயித்துவிட்டோம். 1903-ல் ஸ்ரீ போஸுக்கு மறுக்கப்பட்ட மரியாதை இன்று இந்திய விஞ்ஞானிக்குக் கிடைக்கிறது. நாம் தோற்ற இடம் அச்சுக்கூடம்.

அச்சுக்கூடத்தின் கணக்கு

இந்த வியாபாரத்தின் நடைமுறையை அறியாத வாசகர்களுக்கு அதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது சர்க்கார். எழுதுகிறவருக்குப் பத்திரிகை ஒரு காசும் கொடுப்பதில்லை. கட்டுரை தகுதியுள்ளதா என்று படித்துப் பார்க்கும் மற்ற விஞ்ஞானிகளுக்கும் கூலி கிடையாது. பதிப்புரிமையைப் பெரும்பாலும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பின்பு அதே கட்டுரையைப் படிக்க அதே சர்க்காரின் கல்லூரிகள் சந்தா கட்டவேண்டும். சந்தா இல்லாமல் யாவரும் படிக்கலாம் என்று திறந்துவிட வேண்டுமானால், எழுதியவரே பணம் கட்டவேண்டும். 'நேச்சர்' பத்திரிகை இம்முறையை ஏற்றபோது ஒரு கட்டுரைக்கு விதித்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்ச ரூபாய்க்கு மேல். பருத்தியை மலிவாய் அனுப்பித் துணியை உயர்ந்த விலைக்கு வாங்கியதைப் பற்றி நமது முன்னோர் கூட்டங்கூட்டிப் பேசினார்கள். இங்கே பருத்தியை அனுப்பவும் நாமே பணம் கட்டுகிறோம்.

2024-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி மத்திய மந்திரி சபை 'ஒரு தேசம், ஒரு சந்தா' என்ற திட்டத்தை அங்கீகரித்தது. 2025 முதல் மூன்று வருஷத்துக்கு ஏறக்குறைய 6,000 கோடி ரூபாய். 30 வெளியீட்டாளரின் சுமார் 13,000 பத்திரிகைகளைச் சர்க்கார் கல்வி நிலையங்களும் ஆராய்ச்சி நிலையங்களுமாக 6,300-க்கு மேற்பட்டவை படிக்கலாம். இதை நாம் எதிர்க்கவில்லை. சேலம் சர்க்கார் கலைக் கல்லூரியின் பூகர்ப்ப மாணாக்கன் தன் ஊர்ப் பாறையைப் பற்றிய வியாசத்தைத் திருட்டுவழி தேடாமல் படிக்க வழி பிறந்தது நல்லதே. ஆனால், திட்டம் அங்கீகரிக்கப்பட்டபோது சர்க்கார் நிலையங்களுக்கு மட்டுமே அந்த வசதி. நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பாதைகளில் இருபுறமும் நிற்கும் சுயநிதிக் கல்லூரிகளின் பிள்ளைகளுக்கு இல்லை. பள்ளி உபாத்தியாயருக்கும் இல்லை. கிணறு வெட்டுகிறவனுக்கும் கல்குவாரி எதிர்த்து மனுப் போடுகிற கிராமத்தானுக்கும் இல்லவே இல்லை. 6,000 கோடியும் படிக்கும் உரிமைக்கான வாடகை. வாடகை நின்றால் கதவு மூடிக்கொள்ளும்.

இப்படி ஆனதற்கு முழுப் பொறுப்பும் ஆம்ஸ்டர்டாம் வியாபாரியினுடையது என்று நாம் சொல்லமாட்டோம். அவன் வியாபாரி, சந்தை இருக்கும் இடத்தில் கடை போடுகிறான். உத்தியோகத்துக்கும் உயர்வுக்கும் மனுச் செய்யும் இளைஞனைப் பார்த்து, "என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்பதை விட்டு, "எந்தப் பத்திரிகையில் போட்டாய், அதன் எண் என்ன?" என்று கேட்கும் நமது கமிட்டிகளே அந்தச் சந்தையை உண்டாக்கின. டாக்டர் பட்டத்துக்கு மனுச் செய்கிறவர் கட்டாயம் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டுமென்று சர்வகலாசாலை மானியக் கமிஷன் பல வருஷம் விதித்திருந்தது. 2022-ல்தான் அவ்விதியை எடுத்தார்கள். அதற்குள், பணம் கொடுத்தால் எதையும் அச்சிடும் போலிப் பத்திரிகைகள் நம் நாட்டில் காளானாய் முளைத்துவிட்டன. மேலே சீமைப் பத்திரிகை, கீழே போலிப் பத்திரிகை. நடுவில் நேர்மையாய் நடந்த சுதேசப் பத்திரிகை நசுங்கிற்று.

ஸர் சி. வி. ராமன் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்திருந்தார். 1928-ல் தமது புதிய ஒளியைப் பற்றிய முழு வியாசத்தை அவர் கல்கத்தாவில் தாம் நடத்திய 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிஸிக்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டு, அதன் பிரதிகளை உலகெங்கும் அனுப்பிவைத்தார். 'நேச்சர்' பத்திரிகைக்கும் சிறு குறிப்புகள் அனுப்பினார். அவர் ஒன்றும் அசட்டுப் பிடிவாதக்காரர் அல்லர். 1930-ல் நோபெல் பரிசு கிடைத்தது. பத்திரிகை கல்கத்தாவில் அச்சானது என்பதற்காக ஸ்வீடன் தேசத்தார் அதைப் படிக்காமல் விடவில்லை. ராமனைப் போல் எல்லாரும் ஆக முடியுமா என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் 2024 ஆகஸ்டில், சந்திரயான்-3 தென் துருவப் பக்கத்து மண்ணை அளந்து அங்கும் அனார்த்தொசைட் இனமே என்று கண்ட வியாசத்தை அகமதாபாத் நிபுணர்கள் வெளியிட்டது 'நேச்சர்' பத்திரிகையில்தான். நமது ராக்கெட்டு, நமது கலம், நமது கருவி. அதை நமது பத்திரிகை ஒன்றில் வெளியிட்டிருந்தால் உலகம் கண்ணை மூடிக்கொண்டிருக்குமா? சந்திரனின் அந்த மண்ணை வேறு எவனிடம் போய் அவர்கள் கேட்டிருப்பார்கள்?

சர்க்கார் பணத்தால் நடந்த ஆராய்ச்சியின் பிரதி பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்படவேண்டுமென்று மத்திய சர்க்காரின் இரண்டு விஞ்ஞான இலாகாக்கள் 2014-லேயே கொள்கை வகுத்திருக்கின்றன. அதைக் கண்டிப்பாய்க் கேட்டு வாங்குகிற அதிகாரிகளே வேண்டும். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், அயல்நாட்டாரோடு சண்டையும் வேண்டாம்.

பாஷையின் கணக்கு

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. 1798 முதல் இன்று வரை நாம் எடுத்துச் சொன்ன வியாசங்களில் பிரெஞ்சு உண்டு, இங்கிலீஷ் உண்டு; தமிழ் ஒன்றும் இல்லை. உலகத்தாரோடு பேச இங்கிலீஷ் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கல் கிடக்கும் ஊராரோடு பேச?

இவ்வெண்ணம் சேலத்துக்குப் புதிதல்ல. 1916-ம் வருஷத்தில், சேலத்தில் வக்கீலாயிருந்த ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் தமிழில் விஞ்ஞானச் சொற்களை அமைப்பதற்கென்றே ஒரு சங்கம் கூட்டினார். தாவரம், ரசாயனம், பௌதிகம், வானம், கணிதம் ஆகியவற்றுக்கு அச்சங்கம் சொற்களை ஆக்கிற்று. சர்வகலாசாலையோ ஆராய்ச்சிக் கூடமோ இல்லாத ஊரில், கோர்ட்டு வேலை முடிந்த மாலைப் பொழுதுகளில் நடந்த காரியம் அது. இன்று அதே சேலத்தில் சர்வகலாசாலை இருக்கிறது, பூகர்ப்பப் பகுதி இருக்கிறது, சந்திரனுக்கே மண் செய்து கொடுத்த பேராசிரியர்கள் இருக்கிறார்கள்.

சித்தம்பூண்டிப் பாறையில் குரோமியத் தாதும், பிளாட்டினம் இனத்துத் தாதுக்களும் இருப்பதை நிபுணர்கள் எழுதியிருக்கிறார்கள். நாளை அங்கே சுரங்கம் தோண்ட எவனேனும் வந்தால், நிலத்துக்குடையவன் தன் நிலத்தடியில் என்ன இருக்கிறது என்பதைத் தோண்ட வருகிறவன் வாயிலிருந்து முதல் தடவையாகக் கேட்பான். தோண்ட வருகிறவன் ஆம்ஸ்டர்டாம் பத்திரிகைக்குச் சந்தா கட்டிப் படித்திருப்பான். கஞ்சமலையைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கும் வெள்ளைக்கல் குன்றுகளின் அடிவாரத்தில் இருப்பவர்களுக்கும் இந்தப் பேச்சு வெறும் பாஷாபிமானமல்ல என்பது விளங்கும்.

பெரியார் சர்வகலாசாலையின் நிர்வாக சபையில் இந்த ஜில்லாக்காரர்கள் இருக்கிறார்கள். சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் நிலத்தையும் நீரையும் கல்லையும் பற்றி அங்கே டாக்டர் பட்டத்துக்குச் சமர்ப்பிக்கப்படும் ஒவ்வொரு ஆராய்ச்சி நூலோடும் நாலு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் ஒன்று சேர்க்கவேண்டும் என்றும், அதன் ஒரு பிரதி சேலம், நாமக்கல் ஜில்லா நூல்நிலையங்களுக்கும் சம்பந்தப்பட்ட பஞ்சாயத்து ஆபீசுக்கும் போகவேண்டும் என்றும் அவர்களில் ஒருவர் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். தபால் செலவு சேர்த்து ஒரு நூலுக்கு நூறு ரூபாய் ஆகும்.